ஆளைப் படகோடு கட்டாதே

ஆற்றில் ஒரு பகல் படகு விட வேண்டும், கரையில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்க வேண்டும், மறுநாள் காலை வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகள் பயந்து அலறக் கூடாது, பெரியவர்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அரசுவுக்குப் போன் செய்கிற குடும்பஸ்தர்கள் எல்லாரும் கேட்பது இதுதான். படாளத்து ஜெகதீசனும் இதையேதான் கேட்டார். மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு விடுவார்கள், இந்த மனுஷர் பத்து நாளில் பதினோரு தடவை கேட்டார்.

“அண்ணாத்த, தண்ணி எம்மாம் ஆழம்?”

“இடுப்பளவு சார். சில எடத்துல அதுகூட இல்ல.”

“இஸ்துகினு போவாதே?”

“பாலாறு சார் அது. அம்மாம் தூரத்துலர்ந்து வந்து கடலாண்ட சும்மா படுத்துகினு கீது. இழுக்கறதுக்கு அதுக்கு இன்னா அவசரம்?”

“இல்ல, ஒரே புள்ள. எட்டு வயசு. நீச்சல் தெரியாது. அதான்.”

எட்டு வயது என்றதும் அரசு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, “நான் கூடவே வருவேன் சார்” என்றான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கிற இடத்தில், மணல் திட்டு வந்து வாயை மறித்துக்கொள்ளும். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்தக் கரையில் ராஜாராம் என்கிற சென்னைக்காரர் கொட்டகை போட்டு, பன்னிரண்டு கயாக் வாங்கிப் போட்டிருக்கிறார். கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த ஒடுக்கமான துடுப்புப் படகுகள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரலாம். அந்தக் கொட்டகைக்கு வழிகாட்டி, மேஸ்திரி, வாட்ச்மேன், எல்லாம் நம் அரசுதான்.

சும்மா சொல்லக் கூடாது, திட்டம் போடுவதில் கெட்டிக்காரன். அமாவாசைக்கு முன்னும் பின்னும் கடல் ஏறும், ஆகவே அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்பான். காலை ஆறரைக்குப் படகை இறக்கியாக வேண்டும், பத்து மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுக் கை கழன்றுவிடும். கனமான ஆள் பின்னால், பிள்ளை முன்னால். முதல் மணல் மேட்டில் இறங்கி இட்லி, அங்கேயே பிள்ளைகள் நண்டு துரத்தலாம். வெயில் ஏறுமுன் சவுக்குத் தோப்புக்குப் போய்விட வேண்டும். டென்டின் வாசலைக் கிழக்கே பார்த்து வைத்தால் விடிந்தும் விடியாமலும் சூரியன் கண்ணில் குத்தும், மேற்கே பார்த்து வைப்போம். பெண்கள் போய்வர மறைப்பு உண்டு. திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே தயிர் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே கிடைப்பது தயிர் மாதிரி இருக்காது. பிள்ளைக்கு ராத்திரியில் இருமல் வருமா, மருந்து இருக்கிறதா? இப்படி ஒன்றையும் விடமாட்டான்.

ஊரார் குடும்பங்களுக்கு எட்டு வருஷமாக இந்தத் திட்டம் போடுகிறான். தன் குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போட்டான். அதைச் சொல்லாமல் இந்த ஆளைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாகிவிடும்.

அரசு பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன், இப்போது நாற்பத்து மூன்று வயது. பதினைந்து வயதில் கடலுக்குப் போனவன், இருபது வருஷம் போனான். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை முதல் தடவை தண்ணீருக்குப் போகும்போது, பெற்றவள் கரைக்கு வந்து ஒரு கயிறு கொடுப்பாள். அதை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கட்டுமரத்தில் கட்டுவார்கள். மரம் அலையில் புரண்டாலும் முழுகாது. மரத்தோடு இருக்கிறவன் பிழைப்பான், மரத்தை விட்டுப் பிரிந்தவன் போய்ச் சேருவான். அவ்வளவுதான் கணக்கு. அரசுவுக்கும் அப்படித்தான் கட்டினார்கள். இப்போது கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது, ஆனாலும் அந்தக் கயிறு கொடுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

முப்பத்தைந்து வயதில் முதுகு போயிற்று. வலை இழுக்க முடியவில்லை. ராஜாராம் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். முதல் நாளே வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, தண்ணீருக்குள் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். அவர் சொன்ன முதல் பாடம்: ஆளைப் படகோடு கட்டாதே. கயாக் கவிழ்ந்தால் ஆள் படகை விட்டு வெளியே வர வேண்டும், லைஃப் ஜாக்கெட் அவனைத் தூக்கிக்கொள்ளும். கயிறு கட்டினால் படகு எங்கே சிக்குகிறதோ அங்கே ஆளும் சிக்குவான். அவர் ஒரு கயாக்கில் மணல் மூட்டையைக் கட்டி, அதைக் கவிழ்த்துக்கூடக் காட்டினார். வேலை கேட்டு வந்திருந்த தூரத்துக் குப்பத்து ஆட்கள் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அரசுவும் சிரித்தான். ஆனால் பாடம் மனதில் நன்றாகப் பதிந்தது. அது பதியவில்லை என்று மட்டும் அவனால் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது.

அவனுக்கும் வினிதாவுக்கும் ஒரே பெண், தர்ஷினி. “ஊருப் புள்ளைங்கள எல்லாம் இட்டுனு போற, என்ன ஒரு நாளு இட்டுனு போனியா நைனா?” என்று மூன்று மாதம் நச்சரித்தாள். சரி என்று ஒரு நாள் பிடித்துத் திட்டம் போட்டான். மணல் மேட்டில் இட்லி, தோப்பில் டென்ட், எல்லாம் ஊராருக்குப் போடுகிற அதே திட்டம். புறப்படுகிற காலையில் வேடிக்கை பார்க்கத் தெருவே கரைக்கு வந்தது. அரசுவின் அம்மா ஆதியம்மாள் முன்னால் நின்றாள்.

வினிதா ஒரு நைலான் கயிற்றை நீட்டினாள். “மொத தபா தண்ணிக்குப் போவுது. கட்டிடுய்யா, எனக்குப் பயமா கீது” என்றாள்.

அரசு கயிற்றை வாங்கினான். பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. மணல் மூட்டை வரைக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கயிறு கட்டாமல் அனுப்பினான் என்று தெரு பேசுமே. பெற்ற அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளே. இடுப்பளவுத் தண்ணீர்தானே, ரெண்டு மணி நேரம்தானே. பாவி, கட்டினான். தண்ணீரில் நனைந்தால் இறுகுகிற கடல் முடிச்சாகவே போட்டான்.

முந்தின வாரம் பெய்த மழையில் மணல் திட்டு உடைந்து, ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு நழுவிக்கொண்டிருந்தது. பெரிய இழுப்பு இல்லை. இடிந்த பழைய பாலத்துத் தூண்களைத் தாண்டும்போது தர்ஷினி தண்ணீரில் மிதந்த தாழம்பூவை எடுக்கச் சாய்ந்தாள். கயாக் கவிழ்ந்தது. சாதாரணமாகக் கவிழ்வதுதான், மாதத்துக்கு நாலு தடவை யாராவது கவிழ்ந்து சிரித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அன்றைக்குக் கவிழ்ந்த படகை இழுப்பு கொண்டுபோய்த் தூணில் குறுக்காக அழுத்திவிட்டது. பெண் படகுக்கு அடியில் இருந்தாள். அரசு நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு முடிச்சோடு மல்லுக்கட்டினான். கடலுக்குப் போன காலத்தில் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும், இந்த வேலைக்கு வந்தபின் அது இல்லை. பல்லால் கடித்தான். முடிச்சு அவிழ்ந்தபோது அவசரப்பட வேண்டிய தேவை எதுவும் பாக்கி இல்லை.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டது. கயிறு யார் கட்டியது என்று கேட்டார்கள். “வூட்டுக்காரிதான் பயந்துகினு கட்டச் சொல்லுச்சு” என்றான் அரசு. அதில் பொய் ஒன்றுமில்லை. பொய் இல்லாமலே ஓர் ஆளை எப்படிக் குழிதோண்டிப் புதைக்கலாம் என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும். ராஜாராமும் தனியே கூப்பிட்டு, “டிரெய்னிங்ல சொன்னதெல்லாம் வெளிய பேசிகினு இருக்காத, எனக்கும் பேஜாரு, ஒனக்கும் பேஜாரு” என்றார். இவன் தலையாட்டினான்.

அப்புறம் மூன்று வருஷம் வினிதா பட்டது இருக்கிறதே! காரியம் முடிந்த அன்றைக்கே ஆதியம்மாள் கூட்டத்தில், “பெத்தவளே கவுறு குடுத்தா, பெத்தவளே முழுங்கிட்டா” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. தெருவில் ஒரு கல்யாணம், சீமந்தம் என்றால் வினிதாவைக் கூப்பிடமாட்டார்கள். அவளும் பூ வைப்பதை விட்டாள். பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு திருக்கழுக்குன்றம் போய் மலையைச் சுற்றிவிட்டு, வீங்கின காலோடு வருவாள். சில நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எனக்குத் தெரியலய்யா, தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பனா?” என்று அவனைக் கேட்பாள். “வுடு வினி, யாருக்குத் தெரியும்” என்பான் அவன். அப்படிச் சொல்ல வாய் எப்படித்தான் வந்ததோ.

யாருக்குத் தெரியும் என்றால், அவனுக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. கயிற்றை நீ கொடுத்தாய், கட்டக் கூடாது என்று தெரிந்தே நான் கட்டினேன் என்று சொன்னால் அவள் தலையிலிருந்து அந்தப் பாறாங்கல் இறங்கிவிடும். சொன்னால் அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்பதும் தெரியும். பெண்ணும் போயாயிற்று, இவளும் போய்விட்டால் வீட்டில் யார்? இந்தப் பயம்தான். நாளைக்குச் சொல்லலாம், பௌர்ணமி கழித்துச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி மூன்று வருஷம் ஓட்டிவிட்டான்.

போன வருஷத்திலிருந்து, வீட்டில் சும்மா கிடந்தால் செத்துப்போய்விடுவேன் என்று சொல்லி, வினிதாவே வந்து தோப்பில் தங்குகிற குடும்பங்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். அடுப்பு தோப்புக்குள். தண்ணீர்க் கரைக்கு மட்டும் வரமாட்டாள். அரசுவும் படகு ஏறுகிறவர்களுக்குப் பாதுகாப்புச் சொல்லும்போது கயிற்றுப் பாடத்தைச் சொல்வதில்லை. பட்டணத்துக் குடும்பங்களுக்குக் கயிறு கட்டுகிற யோசனையே வராது, அதனால் சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஜெகதீசன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மனைவி ரேணுகா, மகன் தருண். கொட்டகையில் எடுபிடி வேலை செய்கிற பொன்னிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. வேறு வழியில்லாமல் வினிதாவே இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தண்ணீரைப் பார்க்காமல், பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெகதீசன் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு பருத்திக் கயிற்றை எடுத்தார். எடுத்தவர் பையனின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டார்.

“இன்னா சார் இது?” என்றான் அரசு.

“கவுறு அண்ணாத்த. எங்க ஊர்ல பம்புசெட்டுக் கெணத்துல புள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக் குடுக்க இடுப்புல இதான் கட்டுவோம். நானே இப்பிடித்தான் கத்துகினேன். இன்னொரு மொனய படகுல கட்டிடு. அப்பதான் ரேணுகாவுக்கு உசுரு நிக்கும்.”

“வாணாம் சார். அவுத்துடுங்க. ஜாக்கெட் போதும்.”

“ஜாக்கெட்டு கழண்டுச்சின்னா?” என்றாள் ரேணுகா. “கட்டுனா ஒங்களுக்கு இன்னா கஷ்டம்?”

“கட்டுனா நான் படகு எடுக்கமாட்டேன் மேடம்.”

ஜெகதீசனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எடுக்காட்டிப் போ. அந்தாண்ட கரையில இன்னொருத்தரு வுடறாரு இல்ல? அவர் எதுவும் கேக்கமாட்டாராம். பத்து நாளா பேசிட்டு இப்ப வந்து மொரண்டு பண்றியே!”

அவர் சொன்னது நிஜம். எதிர்க்கரையில் இருக்கிறவர் கயிறு என்ன, சங்கிலியே கட்டினாலும் கண்டுகொள்ளமாட்டார்.

அப்போதுதான் வினிதா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “சார், கட்டாதீங்க சார். எம்பொண்ணு இங்கதான் போச்சு. நான்தான் கவுறு குடுத்தேன். படகு கவுந்துது, கவுத்தால வெளிய வர முடியல. அதுக்கும் எட்டு வயசு.”

ரேணுகா பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜெகதீசன் குரலை இறக்கி, “கேக்கவே கஷ்டமா கீதும்மா. ஆனா படகுக்காரரு வூட்ல ஒருத்தருக்குமா தெரியல, கட்டக் கூடாதுன்னு?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது சார். நான் அப்ப மீனு வித்துகினு இருந்தவ. இவருக்கும் தெரியாது. கடல்ல அப்பிடித்தான் கட்டுவாங்க. தெரிஞ்சா இவரு கட்டுவாரா? இவரு மேல தப்பு இல்ல சார்.”

“பாருங்க, இத்தினி வருசம் படகு ஓட்டற அவருக்கே தெரியாதுன்னா, அப்பிடி ஒரு சட்டம் இல்லன்னுதான அர்த்தம்? அது ஒங்க நேரம்மா. தண்ணி ஓடுன நேரமோ இன்னாவோ. இன்னிக்கி தண்ணி அசையவே இல்ல. நான் கட்டித்தான் இட்டுனு போவேன்.” கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் குனிந்தார்.

பையன் இடுப்புக் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டு நின்றான். அரசு அவனைப் பார்த்தான், வினிதாவைப் பார்த்தான். அவள் இவனுக்காகப் பேசிவிட்டு, இவன் மேலும் ஏதாவது சொல்லித் தடுப்பான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்துவிடலாமா என்று இருந்தது அவனுக்கு.

“எனக்குத் தெரியும் சார்” என்றான்.

ஜெகதீசன் நிமிர்ந்தார்.

“கட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வேலக்கிச் சேந்த மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க. மொத பாடமே அதான். படகு கவுந்தா ஆளு தனியா வந்துடணும். மணல் மூட்டைய கட்டி, கவுத்துக்கூடக் காட்டுனாங்க. தெரிஞ்சேதான் எம்பொண்ணுக்குக் கட்டுனேன். ஊரு பாக்குதேன்னு கட்டுனேன். நீங்க கட்டாதீங்க.”

ஜெகதீசன் கயிற்றைக் கீழே போட்டார். மண்டி போட்டு உட்கார்ந்து, பையனின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டு வினிதாவைப் பார்த்தாள்.

வினிதா அழவில்லை. “எப்ப சொல்லிக் குடுத்தாங்கன்ன?” என்று கேட்டாள்.

“சேந்த அன்னிக்கே.”

“நான் கவுறு நீட்டுனப்ப தெரியுமா ஒனக்கு?”

“தெரியும் வினி.”

“உங்கம்மா கால்ல வுழுந்து நான் பொரண்டேனே, அப்ப?”

“அப்பவும்” என்றான்.

“மூணு வருசம்யா” என்றாள் அவள். “தெனமும் படுக்கறதுக்கு முன்னாடி எங்கையப் பாத்துப் பாத்து, இத்த வெட்டிப் போட்டுடலாமான்னு நெனைச்சேன்யா. பக்கத்துல குந்திகினு நீ பாத்துகினு இருந்த.”

அவள் குனிந்து இட்லிப் பாத்திரத்தை எடுத்து ரேணுகாவின் கையில் கொடுத்தாள். சட்னி காரமா இருக்காது, பையனுக்குக் கொடுக்கலாம் என்றாள். பிறகு அரசுவின் பக்கத்தில் வந்து, “அந்தப் புள்ளய பத்திரமா இட்டுனு போயி இட்டுனு வா. வந்ததும் உங்கம்மாகிட்ட போ. நான் சொல்லமாட்டேன், நீயே ஒன் வாயால சொல்லு. எங்கூட்டுப் பக்கம் மட்டும் வராத” என்றாள். சவுக்குத் தோப்புப் பக்கம் போகாமல், தார்ச்சாலையைப் பார்த்து நடந்தாள்.

திட்டப்படி எல்லாம் நடந்தது. தருண் மணல் மேட்டில் நண்டு துரத்தினான். ஒரு தடவை படகு கவிழ்ந்து, ஜாக்கெட்டோடு பொத்தென்று மேலே வந்து சிரித்தான். ஜெகதீசன்தான் சிரிக்கவில்லை. மத்தியானச் சோற்றை ரேணுகாவே பொங்கினாள். மறுநாள் காலை புறப்படும்போது ஜெகதீசன் அரசுவின் கையைப் பிடித்தார், விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அரசு நேராக அம்மா வீட்டுக்குப் போனான். ஆதியம்மாள் வாசலில் சாக்கை விரித்து நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும், “இன்னாடா காலங்காத்தால? அந்த ராசிகெட்டவ நாஸ்தா குடுக்கலியா?” என்றாள்.

அவன் உட்காராமல் நின்றபடியே சொன்னான். முதல் நாள் பாடத்தைச் சொன்னான், மணல் மூட்டையைச் சொன்னான், தெரிந்தே முடிச்சுப் போட்டதைச் சொன்னான். வினிதாவுக்கு ஒன்றுமே தெரியாது, நேற்றுதான் தெரியும் என்றான். வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள் என்றும் சொன்னான். ஆதியம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

“இத்த எதுக்குடா அவகிட்ட போய்ச் சொன்ன?” என்றாள் குரலைத் தாழ்த்தி. “மூணு வருசம் அவ மேல இருந்துச்சு. அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்னு வுட வேண்டியதுதான?”

அரசுவுக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. திட்ட வாயைத் திறந்தான். என்ன சொல்லித் திட்டுவது? அவள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அவன் மூன்று வருஷமாகத் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வினிதாவின் பக்கத்தில் படுத்திருந்தான்.